கோட்டை மியூசியத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

கேட்டவர் சேலத்துக்காரர். எழுபது வயதைத் தாண்டிய அப்பாவையும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு சென்னை வருகிறார். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்துக்கு அரை நாள் ஒதுக்கலாமா என்று கேட்கிறார். போய்வந்த நண்பர்கள், "பழைய தட்டு, பழைய துப்பாக்கி, அவ்வளவுதான், இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்" என்றார்களாம். வெள்ளைக்காரன் பெருமையைப் பார்க்கப் பேத்தியை எதற்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அப்பா வேறு கேட்கிறாராம். கேள்வி இரண்டு போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்று. உள்ளே என்னென்ன பொருள் இருக்கிறது என்பது நண்பர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. அவை ஏன் அங்கே இருக்கின்றன, யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அது தெரியாமல் போனால் யாராக இருந்தாலும் இருபது நிமிடம்தான்.

நான் அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலை பார்த்தவன். துணி, ஓவியம், காகிதம் இவைதான் என் பிழைப்பு. ஆயுதங்கள் என் துறை இல்லை, ஆகவே துப்பாக்கிகளைப் பற்றி என்னிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மற்றபடி என் பதில்: போகலாம், அரை நாள் ஒதுக்கலாம். அதில் மியூசியத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் போதும். மீதியைப் பக்கத்தில் இருக்கும் மரியன்னை தேவாலயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் எழும்பூர் மியூசியத்தையும் சேர்த்து முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டும் கெட்டுவிடும்.

உள்ளே நுழைவதற்கு முன் கட்டடத்தை வெளியே நின்று ஒரு முறை முழுசாகப் பாருங்கள். இது மியூசியத்துக்காகக் கட்டியது அல்ல, கவர்னர் மாளிகையும் அல்ல. 1795-ல் கட்டி முடிக்கப்பட்ட வியாபாரிகளின் கட்டடம். கீழ்த்தளத்தில் மெட்ராஸ் வங்கியின் அலுவலகம் இருந்தது. மாடியில் இருந்த நீண்ட கூடத்துக்குப் பொதுப் பரிவர்த்தனைக் கூடம் என்று பெயர். கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், வர்த்தகர்களும் தனி வியாபாரிகளும் கப்பல் தலைவர்களும் அங்கே கூடிச் சரக்கு பேசினார்கள், விலை பேசினார்கள். பொதுக்கூட்டங்கள் நடந்தன, லாட்டரிக் குலுக்கல் நடந்தது, சில சமயம் கேளிக்கையும் நடந்தது. ஆமாம், லாட்டரிதான். அந்தக் காலத்து மெட்ராஸில் அது மரியாதையான விஷயம்.

அந்தக் கூடம் ஏன் கடலைப் பார்க்க இருக்கிறது என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் ஏறி அலையைத் தாண்டித்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையின் அடியில் பிளந்துவிடும் என்பதால் பலகைகளைத் தேங்காய் நாரால் தைத்துச் செய்தார்கள். அதை ஓட்டியவர்கள் நம்மூர்க் கடலோடிகள். எந்தக் கப்பல் வந்திருக்கிறது, எது புறப்படுகிறது என்பதை முதலில் பார்ப்பவனுக்குத்தான் லாபம். அதனால்தான் வியாபாரக் கூடம் கடல் பக்கம் வந்து நின்றது. அடுத்த வருடமே, 1796-ல், இதன் கூரை மேல் விளக்கு ஏற்றினார்கள். தேங்காய் எண்ணெயில் எரிந்த பெரிய திரி விளக்குகள். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் இந்த மியூசியத்தின் கூரைதான்.

இன்று முன்னால் நின்றால் கடல் தெரியாது. ராஜாஜி சாலையும் வண்டிகளும்தான் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு, கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் அவற்றின் தெற்கே தேங்கத் தொடங்கியது. மெரினா அகலமானதும் கோட்டையை விட்டுக் கடல் விலகியதும் அதனால்தான். அதற்கு முன்பு அலை கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே அடித்தது. விளக்கும் இடம் மாறியது. 1844-ல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் கருங்கல் தூணுக்குப் போனது, 1894-ல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்துக்கு ஏறியது, 1977-ல் மெரினாவுக்கு வந்தது. ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு இந்த நான்கையும் ஒரே நாளில் கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். தூணும் கோபுரமும் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பதே சுலபம்.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அது சரியான கேள்வி. வியாபாரம் நொடித்தும் இடம் மாறியும் போன பிறகு இந்தக் கட்டடம் கோட்டைப் படையின் அதிகாரிகள் விருந்துக் கூடமாக, அதாவது ஆபீசர்ஸ் மெஸ்ஸாக, பல காலம் இருந்தது. இங்கே ஒரு மியூசியம் வேண்டும் என்ற யோசனை டி. எம். ரீட் என்ற ஆங்கிலேய லெப்டினன்ட் கர்னலுடையது. பொதுமக்களுக்குத் திறந்த நாள் 1948 ஜனவரி 31. காந்தி கொல்லப்பட்டதற்கு மறுநாள் அது. விழா எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ஆக, மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய ஒரு படையும் நிர்வாகமும் விட்டுப்போனவைதான் இந்தச் சேகரிப்பின் அடிப்படை: மெஸ்ஸின் வெள்ளிப் பாத்திரம், கவர்னர் மாளிகையின் படம், தேவாலயத்தின் பதிவேடு, படைப்பிரிவின் கொடி. இப்போது மத்திய தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. எனவே அப்பா சொல்வதில் பாதி உண்மை. தங்களைப் பற்றி எதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மெட்ராஸ் ஆங்கிலேயர்கள் நினைத்தார்களோ அதுதான் இங்கே அதிகம். அதைத் தெரிந்துகொண்டு போனால் ஒவ்வொரு பொருளும் தன்னை அறியாமல் வேறொன்றையும் சொல்லிக்கொண்டிருக்கும். சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

நுழைந்ததும் எதிரில் நிற்கும் வெள்ளைப் பளிங்குச் சிலை கார்ன்வாலிஸ் பிரபு, திப்பு சுல்தானைத் தோற்கடித்த கும்பினியின் கவர்னர் ஜெனரல். லண்டன் சிற்பி தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது, 1800-ல் கப்பலில் வந்தது. பிறகு பல இடம் மாறி இங்கே வந்து சேர்ந்தது. தேனாம்பேட்டையில் அவருக்காகக் கட்டிய நினைவு மண்டபத்தால்தான் இன்றும் அங்கே செனடாஃப் சாலை என்று பெயர் இருக்கிறது. எல்லோரும் சிலையின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் குனிந்து பீடத்தைப் பாருங்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்போது திப்பு சுல்தான் தன் ராஜ்ஜியத்தில் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டார். பணம் வந்து சேரும் வரை பிணையாக அவருடைய இரண்டு மகன்களைப் பிடித்துக்கொண்டார்கள். அப்துல் காலிக், மொய்சுத்தீன். இரண்டும் பத்து வயதைச் சுற்றிய குழந்தைகள். அவர்களைக் கார்ன்வாலிஸ் பெற்றுக்கொள்ளும் காட்சிதான் பீடத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. அன்றைய ஆங்கில ஓவியங்கள் இதைத் திரும்பத் திரும்பத் தீட்டின. எல்லாவற்றிலும் கார்ன்வாலிஸ் பாசமுள்ள தகப்பனைப் போலக் கையை நீட்டுவார். பிள்ளைகளை மெட்ராஸுக்குக் கொண்டுவந்து, 1794-ல்தான் திருப்பி அனுப்பினார்கள். பேங்க்ஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் செதுக்கியிருப்பது நடந்த காட்சியை அல்ல, லண்டனில் சொல்லப்பட்ட கதையை. உங்கள் மகளுக்கு இந்த ஒரு பீடத்தைக் காட்டி, இதை மைசூர்ச் சிற்பி செதுக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டால் போதும். அப்பாவின் கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிடுவாள்.

அடுத்தது ஒரு மரக்கூண்டு. ஆள் நிமிர்ந்து நிற்கவும் முடியாது, காலை நீட்டவும் முடியாது. பலர் இதை வெள்ளைக்காரன் நம் ஆட்களை அடைத்துவைத்த கூண்டு என்று நினைத்துக் கோபத்தோடு கடந்துபோவார்கள். உள்ளே இருந்தவர் வெள்ளைக்காரர்தான். மெட்ராஸ் பீரங்கிப்படையைச் சேர்ந்த கேப்டன் ஃபிலிப் ஆன்ஸ்ட்ரதர். முதல் அபினிப் போரின்போது, 1840 செப்டம்பரில், சீனக் கரையோரத்துச் சூஷான் தீவில் சீனர்கள் அவரைப் பிடித்து இந்தக் கூண்டில் போட்டு நிங்போ நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1841 பிப்ரவரியில் விடுதலையானார். சிறையில் படம் வரைந்து காட்டிக் காவலர்களைச் சிநேகம் பிடித்துக்கொண்டார் என்று அவரைப் பற்றிய பழைய குறிப்புகள் சொல்கின்றன. கூண்டு அதற்குப் பிறகு மெட்ராஸுக்கு வந்தது. இதில் அவருடைய கஷ்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சீனாவில் அபினி விற்பதற்காக நடந்த போருக்கு மெட்ராஸிலிருந்து படை போயிருக்கிறது. அதிகாரி மட்டும் போகவில்லை. முப்பத்தேழாவது மெட்ராஸ் காலாட்படையின் சிப்பாய்களும் கான்டன் பக்கத்தில் சண்டை போட்டார்கள். அவர்களுடைய பெயர் எந்தக் கூண்டிலும் இல்லை. கோட்டை என்பது நம்மை ஆண்ட இடம் மட்டுமில்லை, நம் ஊர் ஆட்களை வைத்துப் பர்மாவையும் ஜாவாவையும் சீனாவையும் அடித்த இடமும்கூட. பாடப்புத்தகத்தில் இது அழுத்தமாக வருவதில்லை.

பதக்கங்களை வேகமாகக் கடந்துவிடலாம், ஆனால் ஸ்ரீரங்கப்பட்டினப் பதக்கம் கண்ணில் பட்டால் நில்லுங்கள். 1799 மே 4 அன்று திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டினக் கோட்டை விழுந்ததற்காக அடித்தது. சிங்கம் புலியை அமுக்குகிற படம் இருக்கும். சிங்கம் யார், புலி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பதவியைப் பொறுத்து உலோகம் மாறும். மேலதிகாரிக்குத் தங்கம், அப்புறம் வெள்ளி, வெண்கலம், கடைசியில் சாதாரணச் சிப்பாய்க்குத் தகரம். ஒரே போர், ஒரே படம்.

முதல் மாடியின் நீண்ட கூடத்தில் உருவப்படங்கள். நான் சொன்ன பரிவர்த்தனைக் கூடம் இதுதான், எனவே படங்களைப் பார்ப்பதற்கு முன் கூடத்தின் நீளத்தையும் உயரத்தையும் பாருங்கள். காற்று வர வேண்டும், வெயில் உள்ளே வரக் கூடாது என்பதற்காகக் கட்டியது. படங்களில் மூன்றாம் ஜார்ஜும் சார்லட் அரசியும் இருப்பார்கள். இப்படிப்பட்ட அரச உருவப்படங்கள் ஓவியர் ஒருவர் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து வரைந்தவை அல்ல. ஜார்ஜின் பட்டாபிஷேகப் படத்தின் மூலப் பிரதியை ஓவியர் ஆலன் ராம்சே வரைந்தார். பிறகு அவருடைய பட்டறையில் உதவியாளர்கள் அதை நூற்றுக்கும் மேல் பிரதி எடுத்து, தூதரகம், கவர்னர் மாளிகை என்று உலகம் முழுக்க அனுப்பினார்கள். அரசு அலுவலகத்தில் முதலமைச்சர் படம் மாட்டுவது போலத்தான், எண்ணெய் வண்ணத்தில். இவற்றைவிட அதிக நேரம் தரவேண்டிய படம் சர் ஆர்தர் ஹேவ்லாக்கினுடையது. 1896 முதல் 1900 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர். வரைந்தவர் ராஜா ரவிவர்மா. கவர்னர்களை வரைய லண்டனிலிருந்து ஆளோ படமோ வந்துகொண்டிருந்த இடத்தில், நூறு வருடம் கழித்து ஒரு கவர்னர் நம்மூர் ஓவியர் முன்னால் போய் உட்காருகிறார். பக்கத்துப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துணியின் மினுமினுப்பை ரவிவர்மா எப்படிக் கையாண்டிருக்கிறார் என்பது தெரியும்.

படங்கள் ஏன் இவ்வளவு பழுப்பாகவும் கறுப்பாகவும் இருக்கின்றன என்று எல்லோரும் கேட்பார்கள். ஓவியர் அப்படி வரையவில்லை. மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். அதன் மேல் விளக்குப் புகையும் தூசியும் படியும். கடலோர ஈரக் காற்றில் கித்தான் துணி விரிந்து சுருங்குவதால் வண்ணத்தில் நுண்ணிய வெடிப்புகளும் வரும். வார்னிஷை எடுத்துவிட்டால் பளிச்சென்று ஆகும்தான், ஆனால் வண்ணத்தை விட்டு வார்னிஷை மட்டும் எடுப்பது மெதுவான, ஆபத்தான வேலை. அவசரப்பட்டுச் சுத்தம் செய்து மெல்லிய மேல்பூச்சையே துடைத்தெடுத்த படங்கள் உலகத்தின் பெரிய மியூசியங்களிலேயே உண்டு. அழுக்காக இருக்கிறதே என்று உடனே திட்டிவிடாதீர்கள்.

டேனியல் அச்சுப்படங்களைத் தவறவிடாதீர்கள். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-93-ல் தென்னாட்டில் சுற்றினார்கள். வழியில் வரைந்த கோட்டோவியங்களை லண்டனுக்குக் கொண்டுபோய்ச் செப்புத் தகட்டில் ஏற்றி அச்சடித்து, வண்ணம் கொடுத்தார்கள். கட்டடத்தின் அளவை இருட்டுப்பெட்டிக் கருவி மூலம் காகிதத்தில் விழவைத்து வரைந்ததால், கோபுரத்தின் வடிவம், தூண்களின் வரிசை இவற்றையெல்லாம் பெருமளவு நம்பலாம். முன்னால் நிற்கும் மனிதர்கள், ஒற்றை மரம், அழகாக மேயும் மாடு இவையெல்லாம் லண்டனில் சேர்த்த அலங்காரமாக இருக்கலாம். எது அளந்தது, எது சேர்த்தது என்று பிரித்துப் பார்த்தால் ஒரு படத்துக்கே பத்து நிமிடம் போய்விடும்.

இரண்டாவது புகார் எப்போதும் வெளிச்சத்தைப் பற்றி. துணி, காகிதம், நீர்வண்ணம் இருக்கிற அறைகளில் விளக்கு மங்கலாகத்தான் இருக்க வேண்டும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்போம்; துணிக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பது எங்கள் தொழிலில் பரவலாகப் பின்பற்றும் அளவு. வெளியே வெயிலில் பல்லாயிரம் லக்ஸ் இருக்கும். அதனால் உள்ளே வந்ததும் கண் இருட்டும். ஒரு ஐந்து நிமிடம் பொறுத்தால் பழகிவிடும். ஒளி செய்கிற கேட்டுக்கு ஓய்வு கொடுத்தாலும் குணமாகாது. இன்று பட்டது நாளைக்குப் பட்டதோடு கூடிக்கொண்டே போகும். பட்டு இழை ஒளியில் நரைத்து, பிறகு தொட்டால் பொடியாகிற நிலைக்கு வந்துவிடும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் ஒரு கொடி. 1947 ஆகஸ்ட் 15 அதிகாலை, சரியாகச் சொன்னால் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு, இந்தக் கோட்டையின் கம்பத்தில் ஏற்றப்பட்ட மூவர்ணக் கொடி மேல்தளத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2013-ல்தான். அன்று நாடு முழுக்க ஏற்றப்பட்ட கொடிகளில் எஞ்சியது இது ஒன்றுதான் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். எத்தனை ஊரில் எத்தனை பெட்டிகளில் என்னென்ன மடித்து வைத்திருக்கிறார்களோ. இந்தக் கொடி அந்தக் காலையில் இந்தக் கோட்டையில் பறந்தது என்பது வரை சந்தேகமில்லை. அப்பா இரண்டு மாடி ஏறத் தயாராக இருந்தால் அவருக்கு இது ஒன்றே போதும். அவர் பிறந்ததோ சுதந்திரத்துக்கு முன்போ சற்றுப் பின்போ இருக்கும், இல்லையா?

பீங்கான் தட்டுகள் உங்கள் நண்பர்களுக்குப் போலவே எனக்கும் அலுப்புதான். கும்பினிச் சின்னம் போட்டவையும் ஆற்காட்டு நவாபுக்குச் சேர்ந்தவையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை மட்டும் கவனியுங்கள். கும்பினிக்குக் கடன்பட்டே ராஜ்ஜியத்தை இழந்தவர்கள் ஆற்காட்டு நவாபுகள். எம்டன் போட்ட குண்டின் சிதறலையும் பெண்ணுக்குக் காட்டலாம். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போனது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய கதையை அப்பாவே சொல்லிவிடுவார்.

இங்கே இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கோட்டை எழுந்ததே துணிக்காக. 1639-ல் ஆங்கிலேயர்கள் இந்த மணல்மேட்டைக் கேட்டு வாங்கியதற்கு முதல் காரணம், சுற்றுவட்டாரத்தில் நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்ததுதான். நெசவாளிகளைக் கொண்டுவந்து குடியேற்றுவதற்கென்றே 1730களில் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கினார்கள். அந்தத் தறிகளைப் பற்றியும் சாயக்காரர்களைப் பற்றியும் மியூசியத்தில் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. வெள்ளைக்காரனுக்கும் ஊருக்கும் நடுவில் நின்று பேரம் பேசிய துபாஷிகளையும் காண முடியாது. பச்சையப்ப முதலியார் அப்படி ஒரு துபாஷி. வடக்குச் சுவரை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தையும் காண முடியாது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்த பிறகு, எதிரி ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது என்று அந்த நகரத்தையே தரைமட்டமாக்கினார்கள். இன்றைய உயர் நீதிமன்றம் நிற்பது அந்த வெற்றிடத்தில்தான். கண்ணாடிப் பேழைக்குள் வராத இந்த ஊரை, வெளியே வந்து நடக்கும்போது நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இனி, கோட்டைக்குள் உங்கள் காதில் விழப்போகும் சில கதைகள். கடலுக்கடியில் சுரங்கப்பாதை போகிறது என்று யாராவது சொல்வார்கள். எந்தக் கோட்டைக்குப் போனாலும் இதைச் சொல்வார்கள். வடிகாலும் வெடிமருந்து அறையும் சுரங்கமாக வளர்ந்துவிடும். இளவயதில் ராபர்ட் கிளைவ் இங்கே எழுத்தராக இருந்தபோது தற்கொலைக்கு முயன்றார், கைத்துப்பாக்கி இரண்டு முறை வெடிக்கவில்லை என்பது நல்ல கதை. பின்னாளில் பரவியது, நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அவர் 1744-ல் இங்கே வந்ததும், 1753-ல் மரியன்னை தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கெலினைத் திருமணம் செய்ததும் பதிவில் இருப்பவை. கோட்டை பிறந்த நாளிலும் குழப்பம் உண்டு. புனித ஜார்ஜ் நாளான ஏப்ரல் 23 என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். வருடம் 1640-ஆ, 1644-ஆ என்பதில் நூலுக்கு நூல் வேறுபடும். முதல் பகுதி முடிந்ததை ஒருவரும் உள்கோட்டை முழுசாக முடிந்ததை இன்னொருவரும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது என்றுதான் நினைக்கிறேன். தலைமைச் செயலகத்தின் கறுப்புத் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், 1761-ல் புதுச்சேரி விழுந்ததும் ஆங்கிலேயர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்பது கேட்கக் கட்டுக்கதை போல இருந்தாலும் உண்மை.

தேவாலயம் இரண்டு நிமிட நடை. 1680 அக்டோபர் 28 அன்று திறந்தது. எலிஹு யேல் அதற்கடுத்த வாரமே, நவம்பர் 4-ல், இங்கே கல்யாணம் செய்துகொண்டார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு இவர் பெயர்தான். மெட்ராஸில் கவர்னராக இருந்து சேர்த்த பணத்தின் ஒரு சிறு துளி அங்கே போனது. கூரையைத் தடித்த வளைவாக, பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்குமாறு கட்டியிருக்கிறார்கள். வெளியே தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைப் படித்துப் பாருங்கள். அவற்றின் கீழே யாரும் இல்லை. பழைய கல்லறைத் தோட்டம் சட்டக் கல்லூரி இருக்கும் இடத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுத் தளபதி லாலியின் ஆட்கள் அங்கிருந்த கல்லறைகளை மறைவாக வைத்துக்கொண்டு சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் கற்களை மட்டும் பெயர்த்து இங்கே கொண்டுவந்து தளம் போட்டுவிட்டார்கள். 1652-ல் இறந்த எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல் இவற்றில் மிகப் பழையது. லத்தீன், போர்த்துக்கீசியம், ஆர்மேனியம் என்று எழுத்துகள் மாறி மாறி வரும்.

நடைமுறை விஷயங்கள். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. இது தெரியாமல் வந்து கேட்டில் நிற்பவர்கள் நிறைய. மற்ற நாள்களில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. கட்டணம் குறைவுதான், பதினைந்து வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு இலவசம். கட்டணமும் காட்சி அறைகளின் வரிசையும் அவ்வப்போது மாறும், நான் சொன்ன பொருள் ஏதாவது இடத்தில் இல்லை என்றால் அங்கிருக்கும் ஊழியரைக் கேளுங்கள். கோட்டைக்குள்தான் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் என்பதால் வாசலில் சோதனை உண்டு, எல்லோருடைய அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பெரிய பை வேண்டாம். சட்டமன்றம் கூடும் நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். மின்சார ரயிலில் வந்தால் கோட்டை நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் சுற்றி நடக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால் ஆட்டோவில் ராஜாஜி சாலைப் பக்கமே வந்து இறங்குங்கள். காலை ஒன்பது மணிக்கே வந்து, மேல்தளத்துக் கொடியை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு இறங்கிக்கொண்டே வாருங்கள். தெம்பு இருக்கும்போதே படிகள் முடிந்துவிடும். கார்ன்வாலிஸ் கடைசியில் வாசலில்தான் நிற்பார், பீடத்தைப் பார்க்க அப்போது மகளுக்கும் நேரம் இருக்கும், அப்பாவுக்கு அங்கே உட்காரவும் இடம் கேட்டுக்கொள்ளலாம்.